ஜன்னல் திறந்திருந்த அளவு

காலையில் பால் காய்ச்சினேன். மகளுக்குத் தலை வாரிப் பள்ளி வேனில் ஏற்றினேன். பிறகு அவள் தூங்கும் கீழறைக்குப் போய், இரண்டு நாளாக ஓடிய ரேடான் கருவியைப் பார்த்தேன். அறுநூற்றுப் பத்து. முந்நூறைத் தாண்டினாலே அறையைக் காலி செய்யச் சொல்வேன். என் வேலையே அதுதான்.

தரையிலிருந்து கசிந்து நுரையீரலைக் கெடுக்கும் அந்த வாயுவை அளக்கும்போது ஜன்னலைத் திறக்கவே கூடாது. ஐந்து வருடத்துக்கு முன் இங்கே அளந்தபோது, புழுக்கம் தாங்காமல் நானே திறந்துவிட்டேன். எண்பது காட்டியது. ஊரார் வீடென்றால் அந்த அளவைக் கிழித்துப் போட்டிருப்பேன். நம் வீடுதானே என்று விட்டுவிட்டேன். அந்த அறையில்தான் மனைவி நாள் முழுக்கத் தைத்தாள். நுரையீரல் புற்றுநோய் வந்தது. காரணம் இதுதானா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

மகளின் மெத்தையை மாடிக்குத் தூக்கிப் போனேன். அப்போது மாமியார் போன் செய்தார்.

"மாப்ளே, கடைசியா அவ என்னதான் சொன்னா? மறைக்காம சொல்லுங்க."

"பாப்பாவப் பாத்துக்கச் சொன்னா அத்தை."

ஆறு மாதமாக இதையே சொல்கிறேன். உண்மையில், ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு அவள் சொன்னது:

"தையல் ரூம் இனி சும்மாதானே கெடக்கும், பாப்பாவுக்குக் குடுத்துடுங்க. நீங்க அளந்து பாத்த ரூம்தானே, பயமில்ல."