வண்டி ஓடுதா, நிக்குதா?

1

வலது தோள் வலிக்கிறது. வருடக்கணக்காகக் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கூரைக்கு ஜிப்சம் பூசிய தோள். இப்போது கோடையிலிருந்து வேலை இல்லை. அது தோளுக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்தால், சாந்துச் சட்டியோடு கிளம்புகிற நாள் மாதிரியே வலிக்கிறது.

இந்தக் கதை அந்தச் சும்மா கிடந்த கையிலிருந்து வந்ததுதான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. ஈராக்கின் குர்திஸ்தானில், எங்கள் ஊர் சம்சமாலில், இப்போது யாரும் வீடு பூசுவதில்லை. சம்பளம் வந்தால் பூசுவார்கள். எண்ணெய்க் காசில் யாருக்கு எவ்வளவு என்று பாக்தாதில் இருக்கிற மத்திய அரசும் எர்பிலில் இருக்கிற எங்கள் குர்திஸ்தான் அரசும் பேசி முடித்தால் சம்பளம் வரும். எங்கள் தெருவில் பாதி வீடு அரசுச் சம்பளத்தில் நடக்கிறது. மீதி வீடு அந்தப் பாதிக்கு வேலை செய்து நடக்கிறது. நான் மீதியைச் சேர்ந்தவன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"நீண்ட மேஜையின் ஒரு பக்கம் பாக்தாத்காரர்கள், மறுபக்கம் எர்பிலில் இருந்து போனவர்கள். நடுவில் யாரும் திறக்காத தண்ணீர் பாட்டில்கள். மூத்த அமைச்சர் கண்ணாடியைக் கழற்றி

அதோடு விட்டுவிட்டேன். அந்த மேஜையை நான் பார்த்ததில்லை. அந்த அறைச் சுவர் சரியாகப் பூசப்பட்டிருக்கிறதா என்று கேட்டால் ஒருவேளை பார்த்துச் சொல்வேன். அமைச்சர் ஏன் கண்ணாடியைக் கழற்றினார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது தொடக்கம்: "மண்ணுக்கு அடியில், மனிதன் பிறப்பதற்கு முன்பே, அந்தக் கறுப்பு" – இதற்கும் அதே கதி. எழுதும்போதே என் குரல் தொலைக்காட்சி அறிவிப்பாளர் குரல் மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாவது தொடக்கம் ஒரே வரி. அதை வைத்துக்கொண்டேன்.

2

கலாவேஷ் முட்டையைத் தொடுவதில்லை.

பொரித்த கத்தரிக்காயைத் தொடுவதில்லை. ஆட்டுக் கொழுப்பு போட்டு வேகவைத்த யாப்ராக்கை, திராட்சை இலையில் சோறு பொதிந்து அவள் கையாலேயே உருட்டியதை, விருந்தாளிக்கு வைத்துவிட்டு அவள் வெறும் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்கிறாள். பித்தப்பையில் கல். பக்கத்து நகரம் சுலைமானியாவில் ஒரு டாக்டர், பையையே எடுத்துவிட வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். தனியார் மருத்துவமனையில் அதற்கு இரண்டு மாதச் சம்பளம் ஆகும். அரசு மருத்துவமனையில் பெயர் கொடுத்திருக்கிறாள். அங்கே டாக்டர்களும் சம்பளம் வராதவர்கள்தான். அவசரம் என்றால் மட்டும் கத்தியை எடுக்கிறார்கள்.

அவள் பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியை. எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். கணவர் இல்லை, மகளைக் கலாரில் கட்டிக்கொடுத்தாயிற்று. வலி வரும்போது வலது விலாவைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அந்த நடை எனக்குச் சுவர் வழியாகக் கேட்கும். இந்தப் பக்கம் நான் தோளைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

(இந்த இடத்தில் ஒரு உவமை என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் உடம்பில் ஒரு குழாய், கல் அடைத்தது. நாட்டில் ஒரு எண்ணெய்க் குழாய், வழக்கு அடைத்தது. எழுதி, அழகாக இருக்கிறது என்று இரண்டு தரம் படித்து, அடித்துவிட்டேன். ஒரு குழாய்க்குத்தான் வலிக்கிறது.)

3

பேஸ்தூனை முதலில் கெட்டவனாக எழுதினேன். கதைக்கு ஒருத்தன் வேண்டுமே என்று அவனுக்கு ஒரு தங்கப் பல் வைத்தேன், மினுமினுக்கும் மோதிரம் போட்டேன். ஒரு பக்கம்கூடப் போகவில்லை. நிஜ பேஸ்தூனுக்கு முன்பல் ஒன்று இல்லை. அவன் எதிர் வீடு. டேங்கர் லாரி ஓட்டுகிறவன்.

துருக்கிக்குப் போகிற குழாயை ஒரு வழக்கில் மூடிய பிறகு எண்ணெய் தார்ச்சாலையில் போக ஆரம்பித்தது. ராத்திரி பகல் என்று இல்லாமல் எங்கள் ஊர் வழியே டேங்கர்கள் எல்லைக்குப் போயின. அந்தக் காசு யார் கையில் சேர்கிறது என்பதற்கு ஊரில் பத்துப் பதில் உண்டு. பாக்தாத் கேட்டது அதைத்தான்: எங்கள் கணக்குக்கு வராத எண்ணெய்க்கு நாங்கள் எதற்குச் சம்பளம் அனுப்ப வேண்டும்? எர்பில் திருப்பிக் கேட்டது: எங்கள் பங்கை ஒழுங்காக அனுப்பியிருந்தால் நாங்கள் எதற்குத் தனியாக விற்கப்போகிறோம்? இரண்டு கேள்வியும் நியாயமாகத்தான் கேட்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

பேஸ்தூன் அதுவரை அடுத்தவன் லாரியில் கூலிக்கு ஓட்டினான். சொந்தமாக ஒரு பழைய டேங்கர் தவணைக்குப் பேசினான். தவணைக்கு எதை வாங்கினாலும், அது குளிர்பெட்டியானாலும் லாரியானாலும், அரசு ஊழியர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே அதுதான் வழக்கம். வாங்கியவன் கட்டவில்லை என்றால் ஜாமீன்காரர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் ஒருவருக்குத்தான் ஜாமீன் நிற்க முடியும். எங்கள் தெருவில் சம்பளக்காரர்கள் எல்லோரும் ஏற்கெனவே மச்சானுக்கோ மருமகனுக்கோ கையெழுத்துப் போட்டு முடிந்துபோனவர்கள். கலாவேஷ் மட்டும் பாக்கி.

பேஸ்தூன் பெண்டாட்டியோடு, இனிப்புப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தான். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டவனுக்கு இல்லை என்று சொல்வது எங்களுக்கு வராது. அவளுக்கும் வரவில்லை. ஆனால் அப்போதே சம்பளம் நின்றுபோயிருந்தது. வராத சம்பளத்தை நம்பி லாரி கொடுப்பீர்களா என்று அவள் லாரி வியாபாரியிடமே கேட்டாளாம். அவன் சிரித்துக்கொண்டே சொன்னானாம்:

"வரலேன்னாலும் அது சம்பளந்தான் டீச்சர். என்னிக்கோ ஒருநாள் வரும்ல? வர்ற அன்னிக்கு முதல் ஆளா நான் நிப்பேன்."

அவள் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது வாசிக்கிறவர் கவனிக்க வேண்டும். குழாய் திறந்தால் சம்பளம் வரும், லாரி நிற்கும். லாரி நின்றால் தவணை நிற்கும். தவணை நின்றால் வந்த சம்பளத்தில் வியாபாரி பிடித்துக்கொள்வான். குழாய் திறக்காவிட்டால் லாரி ஓடும், சம்பளம் வராது, கல் உள்ளேயே இருக்கும். இதில் எந்தப் பக்கம் கையைத் தூக்கிப் பிரார்த்திப்பது? கலாவேஷ் தொழுகையில் உட்கார்ந்தபடி என்ன கேட்டாள் என்று எழுதப் பார்த்தேன். அவள்

(இல்லை. அது அவளுக்கும் ஆண்டவனுக்கும் உள்ளது.)

4

மின்சாரம் போனால் எங்கள் வரிசையில் ஜெனரேட்டர் இணைப்பு கலாவேஷ் வீட்டில் மட்டும்தான். செய்தி நேரத்துக்கு பேஸ்தூனும் நானும் அங்கே போவோம். மூன்று பேருக்கும் அந்தச் செய்தியில் வேலை இருந்தது. அவளுக்குச் சம்பளம், அவனுக்கு லாரி. எனக்கும் ஒன்று இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

திரையில் பேச்சுவார்த்தை "நல்ல சூழலில்" நடந்தது என்பார்கள். கலாவேஷ் விலாவைத் தடவுவாள். தொழில்நுட்பக் குழு மறுபடி கூடும் என்பார்கள். பேஸ்தூன் இன்னொரு கட்டி சர்க்கரையைத் தேநீரில் போடுவான். யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. பார்த்தால் அடுத்தவர் எதற்காக ஏங்குகிறார் என்பது தெரிந்துவிடும்.

ஒரு மதியம் வலி அவளை மடக்கிப் போட்டது. நான் ஓடிப்போய் பேஸ்தூனைக் கூப்பிட்டேன். எல்லையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். உடம்பெல்லாம் எண்ணெய் வாடை. அவன் காரில் சுலைமானியாவுக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டு அனுப்பினார்கள். வலி போயிற்று, கல் போகவில்லை. திரும்பும் வழியில் அவள் முன் இருக்கையில் கண்ணை மூடியிருந்தாள். பேஸ்தூன் சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டு தினார் நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தான். நாலு நடை லாரிக் காசு, ஆபரேஷனுக்குப் போதும், சம்பளம் வரும்போது திருப்பிக் கொடு என்றான்.

அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"இது எதுல வந்த காசு, பேஸ்தூன்?"

"வண்டியில வந்தது அக்கா."

"வண்டியில என்ன இருந்துச்சு?"

அவன் கியரை மாற்றினான்.

"அந்த எண்ணெய்லதான்டா என் சம்பளம் போச்சு. என் காச எடுத்து எனக்கே கடனா குடுக்கிறியா?"

"எண்ணெய் எவனுதோ அக்கா. டயர் மட்டுந்தான் என்னுது. அந்த டயரும் உன் கையெழுத்து மேலதான் ஓடுது."

அவள் சிரித்தாள். சிரித்தது விலாவில் குத்தியிருக்க வேண்டும், முகம் சுருங்கியது. நோட்டுக் கட்டை எடுத்துக் கார்க் கண்ணாடிக்கு முன்னால், வெயில் படுகிற இடத்தில் வைத்தாள். ஊர் வரும்வரை அது அங்கேயே இருந்தது. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் காவலர்கள் முதலில் அதைப் பார்த்தார்கள், பிறகு எங்களைப் பார்த்தார்கள்.

(முதலில் எழுதியதில் அவள் இங்கே அழுதாள். படித்துக் காட்டியபோது சண்டைக்கு வந்தாள். "நான் எப்ப அழுதேன் மேஸ்திரி? சுவத்துல ஓட்டை இருந்தா நீ பூசு, என் கண்ணுல தண்ணிய ஊத்தாத." எடுத்துவிட்டேன். சிரித்தாள் என்பதுதான் உண்மை.)

அந்தக் காசை அவன் தவணைக்குக் கட்டினான்.

5

பிறகு ஒப்பந்தம் வந்தது. எண்ணெயைக் குழாயில் மத்திய அரசு விற்கும், அதற்குப் பதிலாகச் சம்பளம் வரும் என்று வாசித்தார்கள். தெருவில் சந்தோஷத்தில் வானத்தை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள். கலாவேஷ் எழுந்து சமையலறைக்குப் போய், வெகுநேரம் தேநீர் போட்டாள். பேஸ்தூன் "வாழ்த்துக்கள் அக்கா" என்றான். ஒரு சாவு வீட்டில் துக்கம் சொல்கிற குரலில் சொன்னான். ஆனால் மனசாரச் சொன்னான். எனக்கு இரண்டும் கேட்டது.

மறுவாரம் டேங்கர்கள் ஊருக்கு வெளியே வரிசையாக நின்றன. விற்கலாம் என்று பேஸ்தூன் அலைந்தான். எல்லோரும் விற்கிறார்கள், வாங்க ஆளில்லை. இரும்புக் கடைக்காரன் மட்டும் எடை கேட்டான். சம்பளம் ஒரு மாதத்துக்கு வந்தது. ஒன்றே ஒன்று. லாரி வியாபாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். முதல் ஆளாக நின்றான். பிடித்ததுபோக மிச்சத்தில் கடைக் கடனும் ஜெனரேட்டர் பாக்கியும் போயின. நின்றுபோன மற்ற மாதங்களைப் பற்றி, அவை எந்த அரசின் பொறுப்பு என்று மறுபடி பேச்சுவார்த்தை தொடங்கியது. நல்ல சூழலில்.

இந்த இடம்வரை எழுதி இருவருக்கும் படித்துக் காட்டினேன். கலாவேஷ் கேட்டுவிட்டு, டீச்சர் அல்லவா, ஒன்றைத் திருத்தினாள்: சுலைமானியா எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது, திரும்பும்போது மாலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும், கண்ணாடிக்கு முன்னால் வெயில் என்று எழுதியது சரிதான், ஆனால் நீ எழுதியதில் யாருக்கும் கண் கூசவில்லையே, அதை எழுது என்றாள். அந்த இடத்தில் எழுதவில்லை. இப்போது எழுதியாயிற்று.

பேஸ்தூன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"கடைசியில வண்டி ஓடுதா, நிக்குதா?"

"இன்னும் எழுதல."

"நீதான எழுதுற. யார்கிட்ட கேட்டு எழுதணும்? ஓட விடு."

கலாவேஷ் அவனைப் பார்த்தாள். "ஓட விட்டா நான் எப்படிடா பொழைக்கிறது?"

"கதைதான அக்கா."

"அப்ப உன் வண்டிய நிறுத்திக்க. கதைதான."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அமைச்சரின் ஞாபகம் வந்தது. கண்ணாடி போட்டிருந்தால் நானும் கழற்றியிருப்பேன்.

6

ஆகவே முடிவுகள்.

ஒன்று. சம்பளம் முழுதாக வருகிறது. வியாபாரி மனமிரங்கி அவகாசம் தருகிறான். கலாவேஷ் ஆபரேஷன் முடிந்து ஒரு தட்டு யாப்ராக் தின்கிறாள். இதை எழுதும்போது என் கை சுலபமாக ஓடியது. கை சுலபமாக ஓடினால் சாந்து சரியில்லை என்று அர்த்தம், காய்ந்ததும் உதிரும்.

இன்னொன்று. பேச்சு முறிகிறது. குழாய் மறுபடி மூடுகிறது. பேஸ்தூன் லாரியை எடுக்கிறான், வழியில் நோட்டுக் கட்டை மறுபடி அவள் மடியில் வைக்கிறான். இந்தத் தடவை அவள் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. இது நடக்கலாம். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நடக்கலாம்.

மற்றொன்று, கல் தானாக முடிவு செய்கிறது. எந்தப் பேச்சுவார்த்தைக்கும் அது காத்திருக்கவில்லை. ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் நடை கேட்க

இதை எழுத மாட்டேன். இப்போதுகூட அவள் நடப்பது கேட்கிறது. கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன்.

நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. நீங்கள் தேர்ந்தெடுங்கள். ஆனால் தேர்ந்தெடுக்கும்போது இருவரும் உங்கள் எதிரே தரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தைப் புரட்டிவிட்டு நீங்கள் போய்விடலாம். அவர்களுக்கு அந்தத் தெருதான்.

என்னை நடுநிலை என்று நம்பியிருந்தால், கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இது. போன வசந்தத்தில் கலாவேஷின் சமையலறைச் சுவரைப் பூசினேன். சம்பளம் வந்ததும் தருகிறேன் என்றாள். நான் கேட்டதில்லை, அவள் மறந்ததுமில்லை. செய்தி வாசிக்கும்போது நான் எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

இதை எழுதும் இன்றுவரை நிலவரம் இது. பேஸ்தூன் வியாபாரிக்குத் தர வேண்டியது பதினொரு தவணை; அதற்கு ஜாமீன் கலாவேஷ். கலாவேஷ் எனக்குத் தர வேண்டியது ஒரு சுவர் பூசிய கூலி. அரசு, எந்த அரசு என்று என்னைக் கேட்காதீர்கள், அவர்கள் இன்னும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள், கலாவேஷுக்குத் தர வேண்டியது நான்கு மாதச் சம்பளம்.