அவர் இறங்கும்வரை

என் வீட்டுக்காரரின் இடது காலைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, மாவு பிசைகிற அதே கைகளால் கெண்டைச் சதையைப் பிசைந்துகொண்டிருந்தான் புல்டோசர். தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்த எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அந்தக் காலை உடைத்தவனே அவன்தான்.

புல்டோசர் என்பது மைதானத்தில் வைத்த பெயர். மற்ற நாட்களில் அவன் பேக்கரியில் மாவு பிசைகிறவன். இவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். எங்கள் பகுதியில் ஒவ்வொரு வேலையிடத்துக்கும் ஒரு கால்பந்து அணி உண்டு. ஞாயிறு தவறாமல் அடித்துக்கொள்வார்கள். அன்றைக்கு இவர் பந்தைத் தட்டிவிட்டார், பந்தும் போய்விட்டது. அதற்கப்புறம் வருகிறான் இவன், இரண்டு காலையும் நீட்டி, பூட்ஸின் அடிப்பக்கம் தெரிய, புல்லில் சறுக்கிக்கொண்டு. எலும்பு முறிந்த சத்தம் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. நடுவர் சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினார். அட்டையைக் காட்டினால் எலும்பு ஒட்டிக்கொள்ளுமா?

போட்டிக் குழு கூடியபோது நானும் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். குழுத் தலைவர் மருந்துக்கடைக்காரர். எல்லோருக்கும் நல்லவராக இருக்கப் பார்க்கிறவர்.

"நம்ம விதி உங்களுக்குத் தெரியும்லம்மா? அடிபட்டவர் என்னைக்கு மறுபடி களத்துல இறங்குறாரோ, அன்னைக்குத்தான் அடிச்சவனும் இறங்கலாம். அதுவரைக்கும் வெளியதான்."

"அது பத்தாது. அவன் ஆயுசுக்கும் ஆடக்கூடாது."

"கோபத்துல பேசாதீங்கம்மா."

"கோபத்துலதான் பேசுறேன். பின்ன, சந்தோஷத்துலயா பேசுவாங்க?"

கடைசி பெஞ்சில் புல்டோசர் தலையைக் குனிந்தபடி இருந்தான். விதி விதிதான் என்று சொல்லி எழுந்துவிட்டார்கள்.

மாவுக்கட்டு பிரித்த மறுநாள் அவன் வாசலில் வந்து நின்றான், கையில் சூடாக ஒரு ரொட்டியுடன். முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினேன். ஆனால் வாசனை எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டது. "யாரு, ரொட்டி வாசனை அடிக்குது?" என்று இவர் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். இந்த மனிதரின் ரோஷமெல்லாம் மூக்கு வரைக்கும்தான். திறக்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் தினமும் வந்தான். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண்ணிடம் போய், எதை மடக்க வேண்டும், எவ்வளவு நீட்ட வேண்டும் என்று தானே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தான். குதிகாலை உள்ளங்கையில் தாங்கி, "இன்னும் கொஞ்சம் தள்ளுங்கண்ணே" என்பான். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுவார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"இந்தப் பணிவிடையெல்லாம் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? இவர் சீக்கிரம் தேறினா நீ சீக்கிரம் ஆடலாம். அதானே?"

மறுப்பான், அழுவான், அக்கா அப்படிச் சொல்லாதீங்க என்பான் என்று காத்திருந்தேன். அவன் கொஞ்சம் யோசித்தான்.

"ஆமாக்கா. அதுவுந்தான்."

நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டேன். அந்தப் பதிலுக்கு மேலே எதையும் வெட்டவும் முடியவில்லை, ஒட்டவும் முடியவில்லை.

இதற்கிடையில் வீட்டில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. கல்யாணமான நாள் முதல் ஞாயிற்றுக்கிழமை இவரை வீட்டில் பார்த்தவளில்லை நான். இப்போது என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன் தைத்துக் கொடுத்தார். எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிற விரல்களுக்கு ஊசி பிடிபட்டுவிட்டது. பேச்சும் வந்தது. பணிமனையில் யார் யாரை எப்படிக் கிண்டல் செய்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வேலைக்குத் திரும்பிய பிறகும் ஞாயிறு என்னோடுதான். டாக்டர் தாராளமாக ஆடலாம் என்று சொன்ன அன்று இவர், "போதும். இனிமே நமக்கெதுக்கு அதெல்லாம்?" என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இதன் அர்த்தம் என்ன என்பது பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. இவர் இறங்கமாட்டார். ஆகவே அவனும் இறங்க முடியாது, என்றைக்கும். குழுவில் நான் கேட்ட தண்டனை, யாரும் தீர்ப்புச் சொல்லாமலே கிடைத்துவிட்டது.

கேட்டது கிடைத்தால் ருசிக்க வேண்டும். எனக்கு ருசிக்கவில்லை.

ஞாயிறுகளில் அவன் கயிற்றுக்கு வெளியே நின்று, வெளியே போகும் பந்துகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் சொன்னார்கள். இவர் அவனிடம் சொல்லத் தயங்கித் தயங்கி, ஒரு மாலை போட்டு உடைத்துவிட்டார்.

"தம்பி, நான் இனிமே ஆடுறதா இல்லப்பா."

பிசைகிற கை நின்றது. மெஷினை மிதிக்கிற என் காலும் நின்றது. பிறகு கை தானாகவே மறுபடி அசைந்தது.

"சரிண்ணே. காலை நீட்டுங்க, இந்தப் பக்கம் இன்னும் இறுக்கமா இருக்கு."

இனி வரமாட்டான் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். மறுநாள் அதே நேரத்துக்கு வாசலில் செருப்பை விடுகிற சத்தம் கேட்டது. கையில் ரொட்டி. இவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று ஸ்டூலில் உட்கார்ந்து, அரைகுறையாகக் கிடந்த சட்டையை எடுத்து அவனே பட்டன் தைக்க ஆரம்பித்தான். படு கோணலாகத் தைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை அவன் பார்த்துவிடக் கூடாதென்று, "பிரிச்சிட்டு ஒழுங்காத் தை" என்று அதட்டினேன்.

அன்றிரவு இவருடைய பழைய ஜெர்சியை எடுத்து, அகன்றுவிட்ட இடுப்புக்கு இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து விட்டுக்கொடுத்தேன்.

"என்னது இது?"

"ஒரே ஒரு உதை. உதைச்சதும் வெளிய வந்துடணும். அவனுக்கு வழி விட்டா போதும்."

"நீயா சொல்ற?"

"நான்தான். மனசு மாறுறதுக்குள்ள போட்டுப் பாருங்க."

அந்த ஞாயிறு பணிமனைக்கும் பேக்கரிக்கும் ஆட்டம். கழுத்தில் இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்க் கயிற்றோரம் நின்றேன். இவர் உள்ளே இறங்கினார். மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். புல்டோசரும் இறங்கினான். பந்து கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே, வேண்டுமென்றே செய்தது மாதிரி, அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தது. இவர் ஓடுகிறார், எதிரிலிருந்து அவன் ஓடி வருகிறான். டேப்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். கடைசி அடியில் அவன் வேகத்தைக் குறைத்தான், சறுக்கவில்லை, பயந்து ஒதுங்கவும் இல்லை. இவருடைய பூட்ஸ் பந்தைத் தொடுவதற்கு முன்னால் அதை லாவகமாகத் தட்டிக்கொண்டு போய்விட்டான். இவர் இரண்டு காலிலும் நின்றுகொண்டு சிரித்தார்.

"வெளிய வாங்க!" என்று கத்தினேன்.

இவர் என் பக்கம் திரும்பி ஒற்றை விரலைக் காட்டினார். "இன்னும் உதைக்கவே இல்லையே!"

சரிதான், உதைக்கவில்லை. அடுத்த பந்து யாரும் இல்லாத இடத்தில், அழகாக இவர் காலடிக்கே உருண்டு வந்தது. பணிமனைக்காரர்கள் "அடிங்கண்ணே, அடிங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். இவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு காலையும் மெல்ல அகற்றி, பந்தைத் தொடாமல் நடுவே உருண்டு போகவிட்டு, அதன் பின்னாலேயே ஓடினார்.