பதிவேட்டின்படி ஆறு கால்

அணு உலை விபத்துக்கு முன் எங்கள் ஊர் எப்படி இருந்தது என்பதை நான்தான் பதிவு செய்தேன். விபத்து நடந்த நான்காம் நாள் செய்தேன். பதிவேடு அன்றுதான் அச்சகத்திலிருந்து வந்தது.

வேலை சுலபமானது. மணல்விளையின் செடிகொடிகளையும் உயிரினங்களையும் தினமும் பார்க்க வேண்டும். பதிவேட்டில் உள்ளபடி இருந்தால் நல்லது. வேறு மாதிரி இருந்தால் அது விபத்தின் பாதிப்பு. எழுதி அனுப்பினால் வேன் வரும்.

பதிவெடுத்த அன்று பனைகள் எல்லாம் மணலில் படுத்திருந்தன. காக்கைகள் வரிசையாக நடந்து போயின, ஒன்றுகூடப் பறக்கவில்லை. தும்பைப் பூ சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. ஆடுகளுக்கு ஆறு கால். எல்லாவற்றையும் எழுதினேன். கையெழுத்து அழகாக இருப்பதாக எங்கள் அலுவலக இயக்குநர் சொன்னார்.

முதல் மாதம் அமைதியாகப் போனது. பிறகு பாதிப்புகள் தெரிய ஆரம்பித்தன. ஒரு காலையில் மூன்று பனைகள் எழுந்து நின்றன. ஊழியர்கள் வடம் போட்டு இழுத்து மறுபடி படுக்கவைத்தார்கள். அடுத்த வாரம் ஒரு காக்கை பறந்தது. நிலைமை கவலைக்கிடம் என்று எழுதினேன்.

இயக்குநர் முனைவர் ஏகாம்பரநாதன் ஒவ்வொரு பாதிப்புக்கும் ஒரு கூட்டம் நடத்தினார். பொன்னாடையோடு வருகிறவர் மேடைப் படியில் இருக்கும்போதே எட்டி வாங்கித் தானே போர்த்திக்கொள்வார். பதிவேடு பொய் சொல்லாது, உயிரினங்கள்தான் சொல்லும் என்பார். கைதட்டல் ஓய்வதற்கு அவரே கையமர்த்துவார். சில நாள் கைதட்டலுக்கு முன்பே அமர்த்திவிடுவார்.

அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் சுயம்புக்கனி அக்கா. தை மாதம் அவருடைய ஆடு குட்டி போட்டது. நான்கு கால்.

நான் பார்த்தபோது அது கடைக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு கால் ஆடுகள் ஓடுவதில்லை. முயன்றால் காலுக்குள் கால் சிக்கி விழும். பிரித்தெடுக்க இரண்டு ஆள் வேண்டும். இது ஓடியது. பெஞ்சில் இருந்த மூன்று பேர் டீயை ஆறவிட்டு அதையே பார்த்தார்கள்.

“எழுதப் போறியளா தம்பி?” என்றார் அக்கா.

நான் பேனா மூடியைக் கழற்றியிருந்தேன்.

“போன தடவ ரெண்டு குட்டிய வேன்ல ஏத்துனிய. ரெண்டு கால் ஒட்டித் தாரோம்னு சொன்னிய. திரும்பி வந்தது கழுத்து மணி மட்டுந்தான். ஊர்ல ஓடுதது இது ஒண்ணுதாம். இத விட்ருங்க.”

விடுவதற்கு எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். யாருக்கு இருக்கிறது என்று கேட்டார். இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் வேன் கிளம்பும் என்றேன். அக்கா அடுப்பை அணைத்தார். குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார். நான் பதிவேட்டோடு பின்னால் போனேன்.

வாசலில் எழுத்தர் ஒரு படிவம் கொடுத்தார். பிறப்பதற்கு முன் ஏன் அனுமதி பெறவில்லை என்பது கேள்வி. குட்டிதான் பதில் எழுத வேண்டும். குட்டி படிவத்தைத் தின்றது. ‘பதில் பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தி எங்களை உள்ளே விட்டார்.

இயக்குநர் குட்டியைப் பார்க்கவில்லை. பதிவேட்டில் ஆட்டுக்கு எத்தனை கால் என்று என்னைக் கேட்டார். ஆறு என்றேன். இதற்கு எத்தனை என்றார். நாலு என்றேன்.

“அப்போ இது ஆடு இல்ல. ஆட்டோட பாதிப்பு” என்று பேனாவை எடுத்தார்.

பதிவேட்டில் தப்பே இருக்காதா என்று அக்கா கேட்டார். இயக்குநர் சிரித்தார். சுவரில் இருந்த புகைப்படங்களைக் காட்டினார். நாற்பது நாட்டு நிபுணர்கள் எழுந்து நின்று பாராட்டிய பதிவேடு இது என்றார். நாற்பது படத்திலும் அவர் நின்றார். நிபுணர்கள் ஓரத்தில் தோள் அளவுக்குத் தெரிந்தார்கள்.

“இதுல ஒரு வரி தப்புன்னா நான் இதுவரைக்கும் பேசினது அத்தனையும் தப்பும்மா. வாசிங்க தம்பி. முழுசா வாசிங்க. அவங்களுக்குப் புரியட்டும்.”

வாசித்தேன். செடிகொடிகள் முதலில் வந்தன. பனை, தும்பை, எருக்கு. பதினான்காவது பதிவையும் அதே குரலில் வாசித்தேன்.

“உலை வாசலில் ஒரு செடி. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரை இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. காற்று இல்லாதபோதும் சலசலக்கிறது. சரிகைக் கரை போட்ட பச்சை இலை, ஒன்று. பெயர் ஏகாம்பரநாதன்.”

பதிவைத் தொடங்கிவைத்து அன்று அவர் மூன்று மணி நேரம் பேசினார். நான் பார்த்ததை எழுதினேன்.

எழுத்தர் மின்விசிறியைப் பார்த்தார். இயக்குநர் பதிவேட்டை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். கீழே அவருடைய கையெழுத்து இருந்தது.

“தப்பா சார்?” என்று அக்கா மெதுவாகக் கேட்டார். “தப்புன்னா சொல்லிருங்க. நாங்க யார்ட்டயும் சொல்ல மாட்டோம். குட்டியத் தூக்கிட்டுப் போயிருவேன்.”

அவர் நாற்பது படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“தப்பில்ல” என்றார்.

பேனாவைக் கீழே வைத்தார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. அவர் நடந்தால் அது பாதிப்பு என்பதால் எழுத்தரும் நானும் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். முற்றத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி நட்டோம். மண்ணை மிதித்து இறுக்கினோம். எழுத்தர் பச்சைப் பொன்னாடையைக் கொண்டுவந்து அவர் தோளில் போர்த்தினார்.

மாலையில் வேன் வந்தது. கையெழுத்து எங்கே என்று ஓட்டுநர் கேட்டார். முற்றத்தைக் காட்டினேன். சுற்றிவந்து பார்த்துவிட்டு, ஆளைவிட இதுவே தேவலை என்று சொல்லி வெறும் வண்டியோடு போனார். புது இயக்குநர் வர வேண்டுமானால் பழையவர் ராஜினாமாக் கடிதம் தர வேண்டுமாம். எழுத்தர் தினமும் ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் வைத்து எடுக்கிறார்.

நான் காலையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுகிறேன். நன்றாக வேர் பிடித்திருக்கிறது. நேற்று இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு துளிர் கண்டேன். பதிவேட்டின்படி அவருக்கு ஒரே ஒரு இலைதான். எழுதாமல் இருக்க முடியாது. பேனாவை எடுத்தேன்.

அதற்குள் குட்டி ஓடி வந்தது. அவர் இடுப்பில் முன்னங்காலை ஊன்றி, துளிரை எட்டிக் கடித்தது. அவர் சலசலத்தார்.

“விரட்டட்டுமா தம்பி?” என்று கடையிலிருந்து அக்கா கேட்டார்.

“தின்னட்டும்க்கா” என்றேன். “ஓடுத பிள்ளைக்குப் பசிக்கும்லா.”