ஐஸ்பெட்டி ஒளிந்திருந்த காலை

ஐஸ்பெட்டியை என் அடுக்களைக்குள் தள்ளியதும், எதிர்வீட்டு நெனிட்டா அதன்மேல் ஒரு போர்வையைப் போர்த்தி, அதற்கும் மேல் என் வீட்டுக் குழந்தை இயேசு சிலையைத் தூக்கி வைத்தாள்.

"இப்ப பாத்தா பீடம் மாதிரியே இருக்குக்கா."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தரும் உதவித்தொகையைச் சரிபார்க்க அதிகாரி வருகிற நாளெல்லாம் எங்கள் சந்துக்கு என் வீடுதான் கிடங்கு. எனக்கு அந்தத் தொகை கிடையாது, அதனால் என்னைத் தேடி யாரும் வரமாட்டார்கள். டீவி, மின்விசிறி, கரோக்கே பெட்டி என்று ஊர்ச் சொத்தெல்லாம் இங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். வீடு வெறிச்சென்று இருந்தால்தான் ஏழை என்று நம்புவார்களாம்.

ஆனால் நெனிட்டாவின் பெட்டி சும்மா கிடக்கிற சொத்து அல்ல. பைகளில் தண்ணீரை உறையவைத்து படகுகள் வந்து சேரும் மீன்துறையில் விற்கிறாள். மணிலாவுக்கு வேலை தேடிப் போன கணவன் திரும்பாமல் போனதிலிருந்து அடுப்பெரிவது அந்தப் பெட்டியால்தான். அரசு தருவது மகள் ஜெஸ்ஸாவின் பள்ளிக்கு. அவளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. வருமானம் கூடிவிட்டது என்று எழுதிவிட்டால் தொகை நின்றுவிடும். போன மாதம் துறையில் தினமும் இன்னும் அதிகமாக ஐஸ் கேட்டார்கள். இன்னொரு பெட்டி வாங்கினால் எங்கே ஒளிப்பது என்று இவள் மறுத்துவிட்டாள். உழைக்கிறவள் உழைக்கப் பயப்படுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

என் வீட்டு மின்சாரம் அந்தப் பெட்டியைத் தாங்காது, அதனால் ஒயரைச் செருகவில்லை. கொஞ்ச நேரத்தில் போர்வைக்கடியிலிருந்து தண்ணீர் கசிந்து தரையில் ஓடியது. அன்று மாலை மீன்காரர்களுக்குப் போகவேண்டிய ஐஸ். நெனிட்டா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதிரே அவள் வீட்டு வாசலில் அதிகாரி கூப்பிடும் குரல் கேட்டது.

"நான் தொடைச்சிடறேன், நீ போ. மூஞ்சிய சோகமா வெச்சுக்கோ," என்றேன்.

"வேணாங்க்கா." சிலையை இறக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போர்வையை உருவினாள். "ஒரு பக்கம் புடிங்க."

"பைத்தியமாடி உனக்கு? ஜெஸ்ஸா படிப்பு?"

"அதுக்கும் சேத்துத்தான் செய்யறேன். புடிங்க."

காலையில் பெட்டியைத் தூக்கி வந்த ஆண்பிள்ளைகள், தாங்களும் மாட்டிக்கொள்வோமோ என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாங்கள் இருவரும் சந்தின் குறுக்கே இழுத்தோம். அதிகாரி மிஸ் வில்யரூஸ், சின்னப் பெண்தான், ஒதுங்கி வழிவிட்டாள்.

"இது யாரோடதுக்கா?"

"என்னோடதுதான் மேடம். ஐஸ் விக்கிறேன், எழுதிக்கோங்க. புயல் மாசத்துல படகு போகாது, ஐஸும் விக்காது. அதையும் எழுதுங்க."

"அதுக்கு இந்தப் படிவத்துல இடம் இல்லையேக்கா."

"அப்ப ஓரத்துல எழுதுங்க. செய்யற வேலைய மறைச்சாத்தான் புள்ள படிக்கலாம்னா, நான் எந்த வேலையத்தான் செய்யறது?"

அந்தப் பெண் பேனாவைப் பார்த்தாள். "தொகை நின்னாலும் நின்னுடும்கா. என் கையில ஒண்ணும் இல்ல."

"தெரியும். நின்னா ரெண்டாவது பெட்டி வாங்கிடுவேன்."

பெட்டியை அவள் வீட்டுக்குள் தள்ளி வைத்தோம். நெனிட்டா ஒயரைச் செருகினாள். பெட்டி உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது. மிஸ் வில்யரூஸ் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரத்தில் பொடி எழுத்தில் எழுத ஆரம்பித்தாள். நான் எட்டி எட்டிப் பார்த்தேன். நெனிட்டா பார்க்கவில்லை. குழாயைத் திறந்து, முதல் பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.