எதிரில் ஆள் வேண்டும்

மில்வாக்கியின் வடக்குப் பக்கத்தில், சென்டர் தெருவிலிருந்து கேப்பிட்டல் டிரைவ் வரை யாரை நிறுத்திக் கேட்டாலும், இந்த ஊர் பெற்ற ராப்பர்களில் பெரியவன் கார்னெல் ஹேக்கெட் என்றுதான் சொல்வார்கள். அவன் பாட்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் விழிப்பார்கள். பாட்டு என்று ஒன்று கிடையாது. இருப்பதெல்லாம் சண்டைகள்.

டயர் கடையின் பின்கட்டில், மூடிப்போன செருப்புக் கடையில், எவன் இடம் தருகிறானோ அங்கே சண்டை நடக்கும். இரண்டு பேர் மூக்கோடு மூக்கு உரச நிற்பார்கள். சுற்றிக் கூட்டம். இசை கிடையாது. காசைச் சுண்டி யார் முதலில் என்று முடிவாகும். ஒருவன் மற்றவனை எதுகையும் தாளமுமாகக் கிழித்துத் தொங்கவிடுவான். மற்றவன் கண்ணை விலக்காமல் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு அவன் முறை. தாய், மனைவி, சிறை, வழுக்கை, எதையும் இழுக்கலாம். எதிராளியின் ரவுண்டை, அவன் பதில் சொல்லும் முறையை, மட்டும் பறிக்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும் இருவரும் கைகுலுக்கிவிட்டு ஒரே காரில் வறுத்த கோழி வாங்கப் போவார்கள்.

அந்த வட்டத்துக்குள் கார்னெலின் பெயர் ஸ்லீட். மழையும் பனியும் கலந்து பக்கவாட்டில் முகத்தில் அறையும் அந்தச் சனியனுக்கு நாங்கள் சொல்லும் பெயர். மற்றவர்கள் கத்துவார்கள்; அவன் குரலைத் தணிப்பான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனியும். ஒருமுறை சிகாகோவிலிருந்து ரோமக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவன் வந்தான். கோட்டின் கைக்குள் விலைச்சீட்டு செருகியிருந்ததைக் கார்னெல் பார்த்துவிட்டான். எழுதி வந்ததையெல்லாம் விட்டுவிட்டு, பொறுமையாக, "வேர்க்காம நில்லு தம்பி, திங்கக்கிழமை கடையில திருப்பிக் குடுக்கணும்ல" என்று ஆரம்பித்தான். அந்தச் சிகாகோக்காரனைப் பிறகு எந்த மேடையிலும் யாரும் பார்க்கவில்லை.

இப்போது அவனுக்கு முப்பத்தெட்டு. பகலில் வீடுகளுக்குப் போய் ஹீட்டர் பழுது பார்க்கிறான். பாட்டுக் கம்பெனிக்காரர்கள் அவனைத் தேடி வராமல் இல்லை. அட்லாண்டாவுக்கு அழைத்துப்போய், நல்ல ஓட்டலில் தங்கவைத்து, ஒரு வாரம் ஸ்டூடியோவைத் திறந்துவிட்டார்கள். ஒரு வரியும் வராமல் திரும்பினான். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "எல்லாரும் ரொம்ப மரியாதையா நடத்துனாங்க" என்றான். அதை அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

கடைசி வாய்ப்பு இந்தப் பிப்ரவரியில் வந்தது. மார்ஸெல்லா ப்ரூவர் எங்கள் தெருவில் வளர்ந்தவள். இன்று பெரிய பாடகர்களுக்கு இசை அமைக்கிறாள். சிறுமியாக இருந்தபோது பெரியவர்களின் கால்களுக்கு இடையில் நுழைந்து கார்னெலின் சண்டைகளைப் பார்த்தவள். ஊர்க் குரல்களை வைத்து ஒரு ஆல்பம் போட வந்திருந்தாள். அதில் ஒரு பாட்டு, ஒவ்வொருவரும் பதினாறு வரியில் தான் யார் என்று சொல்வது. மற்றவர்கள் பாடி முடித்தாயிற்று. மிச்சமிருந்த இடத்தைக் கார்னெலுக்கென்று வைத்திருந்தாள். மறுநாள் அவள் ஊரைவிட்டுப் புறப்பட வேண்டும். வட்டாரப் பத்திரிகைக்கு எழுத வேண்டியிருந்ததால் நானும் அன்று மதியம் ஸ்டூடியோவில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

பழைய வங்கிக் கட்டடத்தின் மாடி அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்ன அறை, நடுவில் மைக். கார்னெல் வேலை பூட்ஸோடு உள்ளே போய் நின்றான். பின்னணி இசையாக ஆர்கன் மெதுவாக இழுக்கும் பீட், நன்றாகவே இருந்தது. பிறந்த தெருவைச் சொன்னான். ஏரியைச் சொன்னான். குளிரைச் சொன்னான். எதுகை ஒன்றும் பிசகவில்லை. இரண்டாம் முறை இன்னும் ஒழுங்காகச் சொன்னான். மார்ஸெல்லா முடிந்தவரை பொறுத்துப் பார்த்தாள்.

"அங்கிள், கோச்சுக்காதீங்க. வேலைக்கு விண்ணப்பம் படிக்கிற மாதிரி இருக்கு."

அவன் கோபப்படவில்லை. ஆமாம் என்று தலையாட்டினான். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இருவரையும் திட்டுவதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. பிறகு வெளியே வந்து ரோண்டெல் பிக்கன்ஸுக்குப் போன் போட்டான்.

ரோண்டெல் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். கார்னெலை நான்கு முறை வட்டத்தில் எதிர்கொண்டு நான்கு முறையும் தோற்றவன். அவனைவிட நெருங்கிய நண்பன் கார்னெலுக்குக் கிடையாது. மாலை பஸ் நடையை முடித்துவிட்டு, பனியை உதறிக்கொண்டு, ஓட்டுநர் ஜாக்கெட்டோடு வந்தான்.

"மேடையில வாங்குன அடி பத்தலைன்னு இப்ப போன் போட்டுக் கூப்பிட்டு அடிக்கிறியாடா?"

"சும்மா எதிர்ல நில்லு. வேற ஒண்ணும் வேணாம்."

"நிக்கிறேன். வாய் நாறுனா போயிருவேன்."

அந்த அறையில் ஒரு ஆள்தான் வசதியாக நிற்க முடியும். மைக்கை நடுவில் வைத்து இருவரும் நெஞ்சோடு நெஞ்சு முட்ட நின்றார்கள். மார்ஸெல்லா பீட்டை ஓடவிட்டாள். கார்னெல் ரோண்டெலின் கண்ணைப் பார்த்தான். பிறகு அவன் தோள் இறங்கியது. குரல் தணிந்தது. என் கையில் இருந்த காபி ஆறிக்கொண்டிருந்ததை நான் மறந்துபோனேன்.

ரோண்டெலின் தொப்பையில் ஆரம்பித்து, அவன் தோற்ற இரவுகள் வழியாக, விவாகரத்துக்கு வந்தான். எல்லாம் புதிது, அந்த நிமிடத்தில் பிறந்தது. கடைசி இரண்டு வரியை ஏறக்குறைய காதில் சொல்வது போலச் சொன்னான்.

"காலையில நாப்பது பிள்ளைக்குக் கதவு திறக்குற,
உன் பிள்ளை நிக்கிற நிறுத்தம் மட்டும் உன் வழியில இல்ல."

ரோண்டெலின் மகன் தாயோடு தொலைவில், மேடிசனில் இருக்கிறான். ரோண்டெல் கண்ணை விலக்கவில்லை. வட்டத்தில் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நின்றான். தாடை மட்டும் ஒருமுறை அசைந்தது.

மார்ஸெல்லா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், அழுதாளோ என்னவோ. இது போதும் என்றாள். தான் யார் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவன் யார் என்று இதைக் கேட்கிற எவனுக்கும் தெரிந்துவிடும், இதை அப்படியே போடப்போகிறேன் என்றாள். அந்த ஆல்பத்தை நியூயார்க்கில் இருக்கிற கம்பெனி வெளியிடுகிறது. இருபது வருடம் வட்டத்துக்குள்ளேயே செலவான ஒருவனை நாடு முழுக்கக் கேட்கும்.

கார்னெல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் நான் அதற்குமுன் பார்க்காத ஒரு சந்தோஷம் இருந்தது. பிறகு திரும்பி ரோண்டெலைப் பார்த்தான்.

"அவன் ரவுண்டு பாக்கி இருக்கு."

மார்ஸெல்லாவுக்குப் புரியவில்லை. பாட்டில் பதினாறு வரிக்குத்தான் இடம் என்று விளக்கினாள். இது சண்டை இல்லை, பாட்டு என்றாள். ரோண்டெலும் விடு என்றான். தனக்குப் பசிக்கிறது என்றான். கார்னெல் கேட்கவில்லை. மேடையில் சொன்னது அன்றைக்கே காற்றோடு போகும், அங்கேயே பதிலும் கிடைக்கும். இது என்றைக்கும் நிற்கப்போவது, இதில் ரோண்டெல் பேசாமல் அடி வாங்கியவனாகவே நின்றுவிடுவான் என்றான். ஆல்பத்தில் வராவிட்டாலும் பரவாயில்லை, பதிவாவது ஆகட்டும் என்றான். வேறு எந்தத் தொழிலில் இருப்பவனும் அந்த இடத்தில் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

அவள் மறுபடி பீட்டைப் போட்டாள். ரோண்டெல் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. அவன் எப்போதும் கத்துகிறவன், அன்று கத்தவில்லை. எதுகைகள் முன்னே பின்னே இருந்தன. ஒரு இடத்தில் தாளம் தவறி மறுபடி பிடித்தான்.

"ஊர்ல எல்லார் பேரையும் கிழிச்ச, உன் பேரை எடுத்தியா?
எல்லார் அம்மாவையும் இழுத்த, உன் அம்மாவைத் தொட்டியா?
அவ மூச்சு நின்ன அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல
என்னைத் திட்டித்தான் எழுதிட்டிருந்த. நான் பாத்தேன்டா, நான் பூ வாங்கிட்டு வந்தேன்."

அதன் பிறகும் சில வரிகள் இருந்தன. எனக்கு அவை நினைவில்லை. கார்னெலும் கண்ணை விலக்கவில்லை. ஆனால் கை மைக் கம்பத்தைப் பிடித்திருந்தது. பீட் முடிந்தும் யாரும் எதையும் நிறுத்தவில்லை. ஆர்கன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

ரோண்டெல்தான் முதலில் வெளியே வந்தான். அதை அழித்துவிடு என்று மார்ஸெல்லாவிடம் சொன்னான். சண்டை வேகத்தில் வந்தது, அவன் அம்மாவை நான் இழுத்திருக்கக் கூடாது என்றான். அவள் அழிக்கவில்லை. இரண்டு பதிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக மற்றவர்களின் வரிகளோடு சேர்த்துப் போட்டுக் கேட்டாள். எங்களுக்கும் கேட்டது. கார்னெலுடையது கத்தி போல இருந்தது. ஆனால் மற்ற குரல்களின் நடுவே அது யார் வீட்டுச் சண்டையோ என்று தனியே நின்றது. ரோண்டெலின் தட்டுத் தடுமாறிய வரிகள் அந்தப் பாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

அவள் கார்னெலைப் பார்த்தாள். நேர்மையான பெண், சுற்றி வளைக்கவில்லை.

"அங்கிள், பாட்டுக்கு வேணுங்கிறது இதுதான். ஆனா இது உங்க அம்மா. நீங்க வேணாம்னா உங்களுதைத்தான் போடுவேன். சத்தியமா."

அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ரோண்டெல் சந்தோஷப்பட்டிருப்பான். கார்னெல் ஸ்டூலில் உட்கார்ந்து பூட்ஸ் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி போடச் சொன்னான். கேட்டான். பிறகு ரோண்டெலிடம் கையை நீட்டினான்.

"இது உன்னுது. சுத்தமா அடிச்சிட்ட."

பிடித்த கையை ரோண்டெல் விடவில்லை. அவன் கண்கள் கலங்கியிருந்தன. பெருந்தன்மை வேறு, முட்டாள்தனம் வேறு என்று கார்னெலைத் திட்டினான். நேரம் இருக்கிறது, உள்ளே போய் இன்னொன்று சொல், இந்தத் தடவை என்னைப் பற்றி வேண்டாம் என்றான். கார்னெல் மறுத்துத் தலையசைத்தான். வட்டத்தில் கடைசி ரவுண்டை முடித்தவனுக்குப் பிறகு மற்றவன் பேசுவது வழக்கம் இல்லை. அது வழக்கத்தின் மேல் இருந்த மரியாதையா, ஒளிந்துகொள்ள ஒரு இடமா என்று நான் பல நாள் யோசித்தேன். எனக்கு இன்னும் தெரியவில்லை.

"ஒண்ணு மட்டும் தப்பு" என்றான் பிறகு.

"எது?"

"வராந்தா இல்ல, படிக்கட்டு. நீ என் கையில நோட்டைப் பாத்தப்ப எல்லாம் முடிஞ்சு நான் வராந்தாவுக்கு வந்துட்டேன். அதுக்கு முன்னாடி படியில உக்காந்துதான் எழுதிட்டிருந்தேன். கீழ எவனோ மெஷின்ல சோடா வாங்குனான். டப்பா விழுந்த சத்தம். அந்தச் சத்தத்துக்கு ஒரு எதுகை தேடிக்கிட்டிருந்தேன். அப்பதான் நர்ஸ் வந்து என் பேரைச் சொன்னா. முழுப் பேரு. அம்மா கூப்பிடுற மாதிரி."

 மார்ஸெல்லா மெதுவாக எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"உள்ள போய் இதையே சொல்லுங்க அங்கிள். எதுகை வேணாம். இப்ப சொன்ன மாதிரியே."

கார்னெல் அந்தத் திறந்த கதவைப் பார்த்தான். மைக்குக்கு எதிரே யாரும் இல்லை. எழுந்திருப்பது போல ஒரு கையை முழங்காலில் ஊன்றினான். பிறகு அந்தக் கையை எடுத்து ரோண்டெலின் முதுகில் வைத்து, கதவை நோக்கி மெல்லத் தள்ளினான்.

"அவன் ரவுண்டும்மா" என்றான். "படிக்கட்டையும் அவனையே சொல்லச் சொல்லு."