ராய்ஸ் கொண்டுவந்த பூனையின் எடை

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வடகோடியில், நடீனுடைய மளிகைக்கடையின் பின்னறையில்தான் அந்த வட்டாரத்து வேட்டைக்காரர்கள் தாங்கள் சுட்ட பாப்கேட்டுகளைப் பதிவு செய்வார்கள். அந்தக் குட்டைவால் காட்டுப்பூனையின் தோலில் அரசாங்க வில்லையைப் பூட்டிப் படிவம் நிரப்புவது ஆர்டெல் பெல்க்கியின் வேலை. பதினோரு குளிர்காலமாக அவள்தான்.

படிவத்தில் எடைக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்றில் வேட்டைக்காரன் சொல்லும் மதிப்பு, மற்றதில் தராசு காட்டுவது. முதல் கட்டத்தில் வருவது பெரும்பாலும் புளுகு என்று வனத்துறைக்கே தெரியும். எவ்வளவு புளுகு என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள்.

ஆர்டெல் தராசில் போடுவதற்கு முன் பின்னங்கால்களைச் சேர்த்துப் பிடித்து இடது கையால் ஒரு தூக்குத் தூக்குவாள். வலது கையில் பேனா இருக்கும். "நாப்பதா? இருபத்தேழு. கொண்டா இப்படி" என்பாள். தராசும் இருபத்தேழு காட்டும். ஒரு பவுண்டுக்கு மேல் அவள் பிசகியதில்லை. அதனாலேயே அவளிடம் வாய்கொடுக்கப் பலருக்கு ஆசை. அதிலும் அவளுடைய செத்துப்போன புருஷனின் தம்பி ராய்ஸுக்கு அதுதான் பொழுதுபோக்கு.

ஜனவரியில் ஒரு காலை, நாய்களை வண்டியிலேயே விட்டுவிட்டு, ராய்ஸ் ஒரு பெட்டைப் பூனையைக் கொண்டுவந்து மேசையில் போட்டான்.

"எழுதிக்கோ. முப்பத்திரெண்டு பவுண்டு."

"பெட்டைக்கா? காலையிலேயே குடிச்சிட்டியா?" என்றாள் ஆர்டெல். பூனையைத் தூக்கினாள். தோள் வரைக்கும் இழுத்தது. இறக்கிவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்தாள்.

"சரிதான்டா," என்றாள் மெதுவாக. "முப்பத்தொண்ணு இருக்கும்."

ராய்ஸின் வாய் திறந்தபடி நின்றது. நடீன் கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். தராசில் போட்டார்கள்.

பத்தொன்பது.

ராய்ஸ் சிரித்த சிரிப்பில் வெளியே நாய்கள் குரைக்கத் தொடங்கின. "பன்னெண்டு பவுண்டு! நானே இவ்ளோ புளுக மாட்டேன், ஆர்டெல்!"

"உன் தராசு கெட்டுப்போச்சு நடீன்."

"போன வாரம்தான் சரிபார்த்தாங்க. இருங்க, இப்பவே பாத்துடலாம்." நடீன் இருபது பவுண்டு நாய்த்தீனி மூட்டை ஒன்றை எடுத்துவந்து வைத்தாள். முள் இருபதுக்குச் சற்று மேலே நின்றது.

ஆர்டெல் இடது கையால் மூட்டையின் காதைப் பிடித்தாள். அது மேசையை விட்டு எழவேயில்லை.

"இதுக்குள்ள என்ன, கல்லையா ரொப்பி வச்சிருக்கானுங்க?"

ராய்ஸின் சிரிப்பு நின்றது. "அந்தப் பேனாவைக் கீழ வை," என்றான். "வலது கையால தூக்கு."

தூக்கினாள். தலையணை மாதிரி வந்தது. அதே மூட்டை. ஆர்டெல் தன் இடது கையைப் பார்த்தாள். யாரோ மறந்துவிட்டுப்போன பொருள் மாதிரி அது மேசைமேல் கிடந்தது. விரல்களை மடக்க நினைத்தாள். சுண்டுவிரல் மட்டும் லேசாக அசைந்தது.

"ஆர்டெல், என்னைப் பாத்துச் சிரி."

"உன்னைப் பாத்தா எனக்கு எப்படா சிரிப்பு..." நாக்கு குழறியது. உதட்டின் ஒரு பக்கம்தான் உயர்ந்தது. நடீன் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடமாகும் என்றார்கள். ராய்ஸ் காத்திருக்கவில்லை. அவளைத் தூக்கிவந்து வண்டியில் உட்காரவைத்து, பனிக்கட்டி மூடிய இருபத்தாறு மைலையும் ஒரே மிதியாக ஓட்டினான். பின்னால் நாய்கள் ஊளையிட்டன. "பேசு ஆர்டெல், திட்டு, என்னத்தையாவது சொல்லு" என்று வழிநெடுகக் கத்திக்கொண்டே வந்தான். அவள் தன் மடியில் கிடந்த கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பயம்கூட அப்போது வரவில்லை. 'முப்பத்தொண்ணு' என்று அந்தக் கை எவ்வளவு உறுதியாகச் சொன்னது! அதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை.

மூளைக்குப் போகும் குழாயை ரத்தக்கட்டு அடைத்து வந்த பக்கவாதம். கரைக்கும் ஊசி போட நேரம் மிச்சமிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் பேச்சு தெளிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு ராய்ஸ் உட்கார்ந்திருந்தான்.

"அது இருபதுகூட வராதுன்னு எனக்குத் தெரியும்," என்றான். "நீ கத்துறதைக் கேக்கத்தான் அப்படிச் சொன்னேன். நீ சரிதான்னு சொன்னதுமே ஏதோ தப்புன்னு எனக்குப் பட்டுது. அப்புறமும் சிரிச்சேன் பாரு, மடையன்."

"படிவம் என்னாச்சு?" என்று கேட்டாள் ஆர்டெல்.

"நடீன் எழுதி அனுப்பிட்டா. நான் சொன்னது முப்பத்திரெண்டு, தராசு பத்தொம்போது."

"நான் சொன்னது?"

"அதுக்குக் கட்டம் இல்லையே."

அப்போது கைக்குப் பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரிப் பெண் உள்ளே வந்து, ஒரு சிறிய மணல்பையை ஆர்டெலின் இடது உள்ளங்கையில் வைத்தாள். எத்தனை பவுண்டு இருக்கும் என்று கேட்டாள். ஆர்டெல் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தாள்.

"அஞ்சு."

"ரெண்டு," என்றாள் அந்தப் பெண்.

ஆர்டெல் கண்ணைத் திறந்து பையைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. ராய்ஸ் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை வை," என்றாள்.