ஒரு கீறல் கூட இல்லை

ஐஸ் பெட்டிக்காரர் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலின் நடுவில் நின்றார். "பாயிண்ட் எல்லி?" என்று கன்னடத்தில் கேட்டார், பிளக் பாயிண்ட் எங்கே என்று. எல்லார் கண்ணும் ஜன்னலோரத்து மேஜைக்குப் போய்த் திரும்பின. ஹாலில் இருந்த ஒரே பெரிய பிளக் பாயிண்டில் ஹெர்பர்ட் தன் லேப்டாப்புக்காக வாங்கிவைத்த ஸ்டெபிலைசர் செருகியிருந்தது.

"அத பிடுங்கலாமா?" என்றார் ரெமிஜியஸ். செத்தவனின் அண்ணன். "ஆஃப் பண்ணாம இழுத்தா கெட்டுப்போயிடும்னு தம்பி சொல்லுவானே."

தம்பி ஹெர்பர்ட் ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடிக்குக் கீழே மல்லாந்து கிடந்தான். இன்னும் கரண்டு கொடுக்காததால் கண்ணாடியில் பனி படியாமல் அவன் முகம் தெளிவாகத் தெரிந்தது. மௌரீன் பெட்ரூமிலிருந்து வந்தாள். வெள்ளைப் புடவையின் முந்தானைக்கு இன்னும் பின் குத்தவில்லை. நேராகப் போய் ஒரே இழுப்பில் ஸ்டெபிலைசரைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

"இனிமே யாரு திட்டப் போறா? மாட்டுங்க."

விவேக் நகர் முழுக்கப் பேசப்போகிறது, கட்டின புருஷன் செத்த மறுநாளே இப்படி ஆடுகிறாள் என்று. பேசட்டும். ஜெபமாலையை உருட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் காலையிலிருந்து "அழுதுடும்மா, அழுதுடு" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அழுகை வந்தால்தானே அழ. அவளுக்கு வந்தது கோபம். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை கோபம். அதுவும் அந்தக் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியாதவன் மாதிரி படுத்திருக்கிறவன் மேல்.

மூன்று வருஷத்துக்கு முன் கம்பெனி அந்த லேப்டாப்பைக் கொடுத்த நாளிலிருந்து வீட்டுக்குள் புதுச் சட்டம் வந்தது. மேஜைப் பக்கம் காபி கூடாது. முறுக்கு, மிக்சர் கூடவே கூடாது, துகள் உள்ளே போய்விடும். மூடியின் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை அவன் கடைசிவரை உரிக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் காயக் காத்திருந்து, பெயின்ட் பிரஷ்ஷால் சந்து சந்தாகத் தூசி தட்டுவான். மூக்குக்கண்ணாடித் துணியால் திரையைத் துடைப்பான், மேலிருந்து கீழாக மட்டும். வட்டமாகத் துடைத்தால் கோடு விழுமாம். சூடாகாமல் இருக்க அடியில் இரண்டு குட்டி ஃபேன் வைத்த தட்டு வேறு. போன மே மாசம் அவள் வேர்த்து வழிந்து நின்றபோது "பெங்களூர்ல எதுக்கு ஃபேன்?" என்று கேட்ட மகானும் இவன்தான்.

வாங்கி வந்த வாரம் வியாழக்கிழமை நவநாள் பூசைக்கு அதைக் கோயிலுக்கே தூக்கிக்கொண்டு போனான். புதுசாக வண்டி வாங்கினவர்கள் எல்லாம் மந்திரிக்க நிறுத்தியிருந்த வரிசையில் இவனும் லேப்டாப்போடு நின்றான். ஃபாதர் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கியதும் சடக்கென்று பாலிதீன் பையை எடுத்து அதை மூடினான். "உள்ள தண்ணி போயிட்டா ஷார்ட் ஆயிடும் ஃபாதர். பை மேல தெளிங்க, போதும்." ஃபாதர் சிரித்துவிட்டார். மௌரீனும் அன்றைக்குச் சிரித்தாள்.

தன் உடம்புக்கு மட்டும் பையும் கிடையாது, பிரஷ்ஷும் கிடையாது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. ராத்திரியில் இடது தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். டாக்டரிடம் போகலாம் என்றால் இந்த வேலை முடியட்டும் என்பான். அது முடிந்தால் அடுத்த வேலை. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று சொல்லிச் சொல்லி அவள் வாய்தான் வலித்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் நெஞ்சை அழுத்துகிறது என்றான். கேஸ் என்று தானே முடிவுகட்டி சோடா குடித்தான். சாயங்காலம் ஆபீசிலிருந்து ஃபோன் வந்தது. "பண்ணிடறேன் கேசவ், பண்ணிடறேன்" என்று மேஜை முன் உட்கார்ந்தான். அவள் ஆட்டோ பிடிக்கச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். அவன் முகமெல்லாம் வேர்வை. மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு லேப்டாப் மேல் விழுந்தது. பதறிப்போய்த் துணியை எடுத்து அதைத் துடைத்தான். முகத்தைத் துடைக்கவில்லை. மூடியை மெதுவாக மூடினான். அப்புறம்தான் விழுந்தான், அதுவும் மேஜைப் பக்கம் சாயாமல் இந்தப் பக்கமாக. சாகும்போதுகூட அதன் மேல் விழாமல் பார்த்துக்கொண்டான் பாவி.

பதினொரு மணிவாக்கில் ஆபீஸ்காரர் வந்தார். ஆதிகேசவன், ஹெர்பர்ட்டின் மேலதிகாரி. ஒரு கையில் கம்பெனி பெயரைத் தங்க எழுத்தில் ஒட்டிய மலர் வளையம். தோளில் லேப்டாப் பை, காலி. துக்கம் கேட்க வருகிற இடத்துக்குக் காலிப் பையோடு வருகிற ஆளை மௌரீன் இப்போதுதான் பார்க்கிறாள்.

"ரொம்ப ஸாரி மேடம். நேத்து சாயங்காலம்கூட பேசினேன். நம்பவே முடியல."

அவர் கண் மேஜைக்குப் போயிற்று.

"டைமிங் சரியில்லதான். தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்குக் காலைல கிளையண்ட் வர்றாங்க, எல்லா வேலையும் அதுலதான் இருக்கு. இப்பவே குடுத்தீங்கன்னா ஆபீசுக்கு அனுப்பிட்டு நானும் கல்லறைக்கு வந்துடுவேன்."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இங்கே எரியக்கூட இல்லை, புதைக்கவே இன்னும் நேரம் இருந்தது.

"தர மாட்டேன்," என்றாள்.

ரெமிஜியஸ் ஓடி வந்தார். "குடுத்துடு மௌரீன். அவங்க பொருள்தானே. எழவு வீட்ல எதுக்கு கலாட்டா?"

"அவங்க பொருள்தான் மாமா. அதுல என் பொருளும் இருக்கு. தேடிப் பாத்துட்டுத் தர்றேன்."

மேஜையிலிருந்து அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு பெட்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மூன்று வருஷமாக அவன் கை அதிகம் பட்டது அவள் மேல் இல்லை, இதன் மேல்தான். சட்டையை ஆஸ்பத்திரியில் கிழித்துப் போட்டுவிட்டார்கள். தலையணை உறையை யாரோ புண்ணியவதி காலையிலேயே ஊறப்போட்டுவிட்டாள். அவன் கை பட்ட அடையாளம் இதில் மட்டுமாவது இருக்காதா? ஒரு விரல் அழுக்கு போதும் அவளுக்கு. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். மூடியைத் திறக்கத் துணிச்சல் வரவில்லை, அத்தனை வருஷத்துச் சட்டம். மேலே, கீழே, ஓரத்தில் எங்கும் ஒரு ரேகை இல்லை. மூக்கை வைத்து முகர்ந்தாள். ஸ்பிரிட் வாடைதான் அடித்தது. தன்னையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போயிருந்தான்.

அப்படியானால் இது எதற்கு? கதவைத் திறந்து வந்து ஆதிகேசவன் முன் நின்றாள்.

"முதல்ல அவர் மூஞ்சியப் பாருங்க. வந்ததுலேந்து மேஜையத்தான் பாக்கறீங்க."

ஆதிகேசவன் ஐஸ் பெட்டிப் பக்கம் போனார். கும்பிடுவதா, சிலுவை போடுவதா என்று தெரியாமல் கையை நெற்றிக்கும் மார்புக்கும் நடுவே எங்கேயோ வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அவள் லேப்டாப்பை மேஜைமேல் வைத்தாள். அவர் பழக்கதோஷத்தில் அதைத் தூக்கி நாலு மூலையையும் பார்த்தார். நகத்தால் ஓரத்தைத் தடவினார். திறந்து திரையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஒரு கீறல் கூட இல்ல," என்றார், தன்னை மறந்து. "எங்க ஆபீஸ்லயே இப்டி வெச்சிருக்கறவங்க யாருமில்ல மேடம்."

பெஞ்சில் ஜெபமாலை நின்றது.

"சுத்திச் சுத்திப் பாத்தீங்களே சார்," என்றாள் மௌரீன். குரல் தெருவரைக்கும் கேட்டது. "கீறல் இருக்கா, சூடாவுதா, எல்லாம் பாத்தீங்களே. அந்த மனுஷன ஒரு நாள் இப்டிப் பாத்தீங்களா? மூஞ்சி கறுத்துக் கெடந்துச்சே, மாடி ஏறினா நின்னு நின்னு வந்தாரே. மூணு வருஷம் தெனம் எதிர்லதானே உக்காந்திருந்தீங்க?"

ரெமிஜியஸ் "போதும்மா" என்றார். அவள் ரெமிஜியஸையும் ஒரு முறை முறைத்தாள்.

ஆதிகேசவன் குனிந்து கொண்டார். என்ன செய்வது என்று தெரியாமல் கீபோர்டின் ஓரத்தில் விரல் நகத்தை நுழைத்து எதையோ மெல்ல உரித்தார். மெல்லிய ரப்பர் தோல் ஒன்று முழுசாகக் கழன்று வந்தது. அதுதான் கீபோர்டு என்று இத்தனை நாளும் தூரத்திலிருந்து பார்த்த மௌரீன் நினைத்திருந்தாள். அடியில் இருந்த எழுத்துகள் கடையிலிருந்து நேற்று வந்த மாதிரி கறுகறுவென்று இருந்தன.

"இது எங்களுது இல்ல மேடம். அவரே வாங்கிப் போட்டது," என்று அவளிடம் நீட்டினார்.

அவர் பையை மூடிக்கொண்டு போனது அவளுக்குத் தெரியாது. கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் கண்ணாடி போல் இருந்திருக்கும், இப்போது பழுப்பேறிக் கிடந்தது. அடிக்கடி அழுத்திய எழுத்துகளின் மேல் எண்ணெய்ப் பளபளப்பு, நடுவில் பள்ளம். கீழே இடைவெளி விடுகிற நீளக் கட்டை மேல், வலது கட்டைவிரல் விழுகிற இடத்தில், ரப்பர் தேய்ந்து சின்னதாகக் கிழிந்தே போயிருந்தது.

பக்கத்து வீட்டுத் தனக்கோடி அக்கா காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னாம்மா இது, இவ்ளோ அழுக்கா? குடு, சோப்புத் தண்ணில போட்டு அலசித் தரேன்."

"கை வெச்சா பாரு!"

தனக்கோடி அக்கா டம்ளர்களோடு உள்ளே போய்விட்டாள்.

நாலு மணிக்குக் கோயிலில் பூசை முடிந்து, ஓசூர் ரோடு கல்லறைக்கு வண்டி கிளம்பியது. மழை பிடித்துக்கொண்டது. மௌரீன் சவப்பெட்டிக்குப் பக்கத்து நீள சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ரெமிஜியஸ் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தார். சிக்னலில் வண்டி நின்றபோது அவள் புடவை மடிப்பிலிருந்து அந்த ரப்பரை எடுத்து மடியில் விரித்தாள். ஒவ்வொரு விரலாக அவன் பள்ளங்களில் வைத்தாள். அவன் விரல் அகலம், அவள் விரலைச் சுற்றி இடம் மீதி இருந்தது. கடைசியாகக் கட்டைவிரலை அந்தக் கிழிசலில் வைத்து அழுத்தினாள். அடியில் அவள் தொடைதான் இருந்தது. இன்னொரு தரம் அழுத்தினாள்.